பெயரில்லாத நீரில் மூவர்

கடல்சார் சட்டப் பிரிவில் புதிதாகப் பணியேற்றிருக்கும் உங்களுக்காகச் சில பக்கங்கள் எழுதித் தருமாறு பயிற்சிப் பொறுப்பாளர் கேட்டுக்கொண்டார். கடற்சட்ட உடன்படிக்கையை நீங்கள் பல்கலைக்கழகத்திலேயே படித்திருப்பீர்கள். அரைகுறையாகப் படித்தவர்கள் இனியாவது முழுமையாகப் படித்துக்கொள்வது நல்லது. அதை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜொகூரில் எங்கள் கடற்காவல் அலுவலகத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அதைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள் என்று கேள்வி. நடந்தது நடந்தபடி ஓரிடத்திலாவது இருக்கட்டும் என்பதும் நான் எழுத இசைந்ததற்கு ஒரு காரணம்.

முதலில் நம் வேலையின் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். ஜொகூர்க் கரையில் பொந்தியானுக்கு அப்பால், நமக்கும் சுமத்ராவுக்கும் இடையே உள்ள நீரிணை குறுகலானது. இரு கரைகளிலிருந்தும் கடல் எல்லையை அளந்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்படி விழும் இடத்தில் ஒரு பகுதிக்கு, இரு தரப்பும் ஒப்புக்கொண்ட கோடு கிடையாது. அலுவலகத்தில் அதனை ‘முடிவாகாத பகுதி’ என்போம். அதற்கான பேச்சுவார்த்தை என் பணிக்காலம் முழுவதும் நடந்தது. நான் ஓய்வுபெற்ற பின்னும் நடந்துகொண்டிருக்கிறது. இத்தகைய பிணக்குகளில் ஓர் அதிகாரி அவசரத்தில் எழுதிய ஒற்றை வரி, பல ஆண்டுகள் கழித்து நடுவர் மன்றத்தின் முன் ‘இவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று எடுத்து வைக்கப்படலாம். ஆகவே, அந்தப் பகுதியைப் பற்றி எதிர்க்கரைக்குப் போகும் எந்தச் செய்தியும் சட்டப் பிரிவின் பார்வைக்கு வராமல் வெளியேறக் கூடாது என்று அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. அந்த விதியை வரைந்தவன் நான். அது அன்றும் சரியானது, இன்றும் சரியானது. என் கையெழுத்துடன் சென்ற எந்தத் தாளும் நமக்கு எதிராகத் திரும்பியதில்லை என்பதை நான் பெருமையுடனேயே சொல்கிறேன்.

எதிர்க்கரையிலும் இதே வேலையைச் செய்துவந்த ஓர் அம்மையார் இருந்தார். அவர்கள் வழக்கப்படி நான் அவரை ‘இபு’ என்றும் அவர் என்னை ‘பாக்’ என்றும் மரியாதையாக அழைத்துக்கொள்வோம். அதற்கு மேல் எங்களிடையே நட்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஒரு கூட்டக் குறிப்பில் ‘அப்பகுதியில்’ என்று எழுதுவதா, ‘மேற்படி பகுதியில்’ என்று எழுதுவதா என்பதற்காக அவரும் நானும் முழு முற்பகலைச் செலவிட்டிருக்கிறோம். ஒருமுறை ஜொகூர் பாருவில் ஒரு விடுதியில் கூட்டம். மண்டபச் சுவரில் அலங்காரத்துக்காக இந்த வட்டாரத்தின் பழைய வரைபடம் ஒன்றை மாட்டியிருந்தார்கள். வரைபடம் என்றால் அதில் எங்கேனும் ஒரு கோடு இருக்கும். அந்தக் கோட்டின் கீழ் உட்கார்ந்து பேசினால் அதை ஏற்றுக்கொண்டதாகிவிடும். இரு குழுவினரும் வாசலிலேயே நின்றுவிட்டோம். கடைசியில் பரிமாறுபவரிடம் ஒரு மேசைத்துணியைக் கேட்டு வாங்கி, அதன் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து அந்தப் படத்தை மூடினோம். அன்று நாங்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இதைச் சிரிப்புக்குரியதாக எண்ண வேண்டாம். அது எங்கள் கடமை. ஆனால் அதே பழக்கம் மூன்று மனிதர்களைக் கடலில் காத்திருக்க வைத்ததையும் நான் கண்டேன்.

அப்போது ஜொகூரில் ஞாயிறு வேலை நாள், எதிர்க்கரையில் விடுமுறை. விடியலில் சுமத்ராப் பக்கமிருந்து பலத்த காற்றும் மழையும் அடித்து ஓய்ந்திருந்தன. நான் வழக்கமான நேரத்துக்கு அலுவலகம் வந்தபோது வரவேற்புக் கூடத்தில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். தெப்ராவில் உள்ள தொழிற்சாலை ஒன்றின் சீருடை. கழுத்தில் அடையாள அட்டை. பாதுகாவலர் அவரை உட்காரச் சொல்லிச் சொல்லிச் சோர்ந்துபோயிருந்தார். என்னைக் கண்டதும் நேரே வந்தார்.

“அங்கிள், நீங்க தமிழ்தானே? நீங்கதான் இங்க பெரிய ஆளா?”

அலுவலகத்தில் என்னை யாரும் அப்படி விளிப்பதில்லை. “நான் சட்ட ஆலோசகர்,” என்றேன்.

“லாயரா? லாயர் எதுக்கு இப்ப? போட்டுதானே வேணும்.”

அவர் பெயர் செல்வி. கணவர் முரளி, அதே தொழிற்சாலையில் இயந்திரப் பிரிவில் வேலை செய்பவர். நண்பர் ஒருவருடன் பொந்தியானில் வாடகைப் படகு எடுத்து, இருட்டு விலகுவதற்கு முன்பே தூண்டில் போடச் சென்றிருக்கிறார். படகோட்டி, அங்கே தெக்கோங் என்பார்கள், அவ்வூர் மலாய்க்காரர். காற்று எழுந்தபோது படகின் இயந்திரம் நின்றுவிட்டது. முரளி தான் இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் மனைவிக்கு அனுப்பியிருக்கிறார். ‘படகு கவிழுது, ஜாக்கெட் போட்டிருக்கோம்’ என்று அதன் கீழே ஒரு வரி. பிறகு எதுவும் இல்லை. செல்வி அவசர எண்ணுக்கு அழைத்துச் சொல்லிவிட்டு, அதில் திருப்தியடையாமல் வேலையைப் போட்டுவிட்டு நேரே வந்துவிட்டார்.

“மீனு மார்க்கெட்லயே கெடைக்குதுன்னு எத்தன தடவ சொல்லியாச்சு, அங்கிள். கேக்கவே மாட்டாரு,” என்றார். குரல் உயரவில்லை. கைப்பேசியை மட்டும் என் முன் நீட்டியபடியே இருந்தார்.

நான் அவருக்கு வாக்குறுதி எதுவும் தரவில்லை. நீங்களும் தராதீர்கள். என்ன நடக்கிறது என்று பார்த்துவிட்டு நானே வந்து சொல்வதாக மட்டும் கூறிவிட்டு மேலே சென்றேன்.

தகவல்தொடர்பு அறையில் பணியில் இருந்தவர் ஹமீது. நிதானமானவர், அன்று நிதானம் இழக்கும் நிலையில் இருந்தார்.

“சார், நல்ல வேளை வந்தீங்க. இவங்க லெட்டர் போட்டு வெளாடிக்கிட்டு இருக்காங்க.”

நிலைமை இதுதான். முரளி அனுப்பிய இடம் முடிவாகாத பகுதிக்குள் விழுந்தது. நம் ரோந்துப் படகு உடனே புறப்பட்டிருந்தது. ஆனால் அது கூக்கூப்புக்கு அருகிலிருந்து, கொந்தளிப்பு அடங்காத கடலில் வர வேண்டும். எதிர்க்கரையின் கப்பல் ஒன்று மிக அருகில் நின்றது. அது போனால் நம் படகு பாதி வழி வருவதற்குள் சேர்ந்துவிடும். அந்தக் கப்பலும் தயாராகவே இருந்தது. போகவில்லை.

ஏன் போகவில்லை என்பது ஹமீதின் மேசையில் வரிசையாக இருந்தது. துணை ஆலோசகர் ஒருவர் பார்வையிட்டு அனுப்பிய நமது முதல் செய்தி: பொந்தியானுக்கு அப்பால் எமது நீர்ப்பரப்பில் ஒரு படகு கவிழ்ந்துள்ளது, உங்கள் கப்பலின் உதவியைக் கோருகிறோம். எதிர்க்கரையின் பதில்: எமது நீர்ப்பரப்பில் ஆபத்தில் இருப்போருக்கு உதவ ஆயத்தமாக உள்ளோம், உங்கள் கோரிக்கை அதைக் குறித்ததே என்று உறுதிப்படுத்தவும். நமது இரண்டாம் செய்தி: நிகழ்விடம் எமது நீர்ப்பரப்பே என்பதை மீண்டும் தெரிவிக்கிறோம், உங்கள் கப்பல் நுழைய அனுமதி வழங்கப்படுகிறது. பதில்: அனுமதி தேவைப்படாது என்பதைப் பணிவுடன் சுட்டிக்காட்டுகிறோம்.

ஒவ்வொன்றும் பண்பான மொழியில், உரிய விளிகளுடன், பிழையின்றி எழுதப்பட்டிருந்தது. துணை ஆலோசகர் மீது நான் குறை சொல்ல மாட்டேன். தேர்வுத் தாளாக இருந்திருந்தால் அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். அவர் அப்போது மூன்றாவது செய்தியை வரைந்துகொண்டிருந்தார். அது முன்னிரண்டையும்விடச் சிறப்பாக இருந்தது.

இயக்குநர் உள்ளே வந்தார். மலாய்க்காரர், டத்தோ பட்டம் பெற்றவர், நேர்மையானவர். இருமுறை மறுப்பு வந்துவிட்டதால் தலைநகரில் மேலதிகாரியைத் தேடிக்கொண்டிருப்பதாகவும், அங்கிருந்து ஒப்புதல் வந்தவுடன் செய்தி போகும் என்றும் சொன்னார். அவர் சொன்னது நடைமுறைப்படி சரி. தலைநகரில் அந்த மேலதிகாரி விமானத்தில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

இளைஞர்களே, நெருக்கடி என்பது அலுவலகத்தில் ஓட்டமும் கூச்சலுமாக வரும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். அது அமைதியாக, எல்லோரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும் வடிவத்திலேயே வரும். அந்த அறையில் விதியை மீறியவர் எவரும் இல்லை.

நான் மூன்றாவது வரைவை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அதில் எதைத் திருத்தினாலும் பதில் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். எதிர்க்கரைப் பதில்களின் நடை இபுவினுடையதாக இல்லை. ஆனால் அவர் பழக்கிய ஆள் எழுதியது என்று தெரிந்தது. என் விதியைப் போலவே அங்கும் ஒரு விதி இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அதை வரைந்தவரோடுதான் பேச வேண்டும்.

இபுவின் கைப்பேசி எண் என்னிடம் இருந்தது. அத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட நான் அதில் அழைத்ததில்லை. அழைத்தபோது பின்னணியில் சந்தை இரைச்சல். தேங்காய் துருவும் இயந்திரத்தின் ஓசை. உரையாடல் மலாயில் நடந்தது; தமிழில் தருகிறேன்.

“பாக், ஞாயிற்றுக்கிழமை நான் சண்டை போடுவதில்லை,” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவருக்கு அதுவரை யாரும் தெரிவிக்கவில்லை. தேங்காய் இயந்திரத்தின் ஓசை விலகியது, ஒதுக்குப்புறமாகப் போயிருக்கிறார்.

“நீங்கள் என்ன எழுதினீர்கள்?”

“உதவியைக் கோருகிறோம் என்று.”

“கோராதீர்கள். நீங்கள் கோரினால் எங்கள் ஆள் ‘எமது நீர்’ என்று எழுதுவார். அப்படி எழுதினால் உங்கள் ஆள் மறுப்பார்.”

“கோராமல் எப்படி?”

“தெரிவியுங்கள். நான் குறித்துக்கொள்கிறேன். கப்பல் எப்படியும் அந்தப் பக்கமாகத்தான் போகப்போகிறது.”

“எப்போது முடிவு செய்தீர்கள்?”

“இப்போதுதான். இடத்துக்கு என்ன பெயர் போடுவீர்கள், பாக்?”

“பெயர் போடப்போவதில்லை,” என்றேன். “அகலாங்கும் நெட்டாங்கும் மட்டும்.”

“எண்களோடு எனக்குப் பகை இல்லை,” என்றார் இபு.

அழைப்பை முடித்துவிட்டு நான் எழுதிய செய்தி இவ்வளவுதான்: நீரில் மூவர், உயிர் காக்கும் அங்கி அணிந்துள்ளனர், கடைசியாக அறியப்பட்ட இடம் இது, அதன் கீழே இரண்டு எண்கள். கடைசியில் ஒரு வாக்கியம்: இச்செய்தி மனிதர்களைப் பற்றியது, நீர்ப்பரப்பைப் பற்றியதன்று.

இதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, நானாகக் கண்டுபிடித்ததல்ல. கடலில் ஆபத்தில் இருப்பவர் எவராயினும் காக்க வேண்டும் என்பது கடமை. தேடுதல், மீட்பு ஆகியவற்றுக்காக வகுக்கப்படும் வட்டாரங்கள் எந்த நாட்டின் எல்லையையும் பாதிக்கா என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. துணை ஆலோசகருக்கு இவை தெரியும். தெரிந்தும், நீருக்கு ஒரு பெயர் போடாமல் வாக்கியத்தை முடிக்க அவர் கை வரவில்லை. எல்லையைக் காப்பதற்குப் பழகிய கை அது.

இயக்குநர் செய்தியைப் படித்தார். “தலைநகர் இன்னும் பேசவில்லை. பின்னால் ஏதாவது வந்தால்?”

“என் பெயரில் போகட்டும், டத்தோ,” என்றேன்.

“ஓய்வுக்கு நெருங்கிவிட்டீர்கள். இத்தனை ஆண்டுகள் ஒரு கறை இல்லை.”

அவர் என் நன்மைக்காகத்தான் சொன்னார். எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. நற்பெயர் என்பது எடுத்து வைத்துப் பூட்டுவதற்கான பொருள் என்றே நான் அதுவரை நடந்திருந்தேன். ஆனால் இந்தத் தாளில் என்னால் தற்காத்துப் பேச முடியாத சொல் ஒன்றுகூட இல்லை. கையெழுத்திட்டு ஹமீதிடம் கொடுத்தேன். அவர் அனுப்பிய கையோடு பதில் வந்தது. ஒரே சொல்: குறித்துக்கொண்டோம்.

“அவ்ளோதானா, சார்?” என்றார் ஹமீது.

“அவ்வளவுதான். கப்பலைப் பாருங்கள்.”

திரையில் அந்தப் புள்ளி நகரத் தொடங்கியிருந்தது.

கீழே போய்ச் செல்வியிடம் சொன்னேன். கப்பல் எதிர்க்கரையினுடையது என்று கேட்டதும் அவர் முகம் மாறியது.

“அவங்க கப்பலா? புடிச்சு உள்ள வச்சிருவாங்களா, அங்கிள்?”

“மாட்டார்கள்.”

“எப்படித் தெரியும்?”

“அங்கே எனக்கு ஒருவரைத் தெரியும்,” என்றேன். ‘நண்பர்’ என்று சொல்லவில்லை.

அலை அவர்களை எண்கள் காட்டிய இடத்திலிருந்து நெடுந்தொலைவு தள்ளியிருந்தது. ஆனால் கப்பல் நீரோட்டத்தைக் கணித்துத் தேடி, முற்பகல் முடிவதற்குள் மூவரையும் கண்டுவிட்டது. மீன் போடும் ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்களாம். தெக்கோங்கின் தோள்மூட்டு இறங்கியிருந்தது. மற்ற இருவருக்கும் குளிரும் சோர்வும்தான். ஹமீது இதைச் சொன்னபோது துணை ஆலோசகர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கீழே செல்வி பாதுகாவலரின் நாற்காலியில் முதன்முறையாக உட்கார்ந்தார்.

இத்துடன் முடிந்தது என்று நீங்கள் நினைத்தால், நம் துறையை நீங்கள் இன்னும் அறியவில்லை.

மீட்டவர்களை ஒப்படைக்க வேண்டும். எங்கே? கோட்டில் சந்தித்து ஒப்படைப்பதுதான் வழக்கம். அங்கே கோடு இல்லை. நாம் ஓரிடத்தைச் சொன்னால் அதுவரை நம்முடையது என்று நாம் வரையறுத்ததாகும். அதற்கு அப்பால் விட்டுக்கொடுத்ததாகவும் ஆகும். அவர்களுக்கும் அப்படியே. நம் ரோந்துப் படகும் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு கலங்களும் ஒன்றையொன்று பார்க்கும் தொலைவில் நின்றன. தோள் இறங்கிய ஒருவர் அங்கே வலியில் கிடந்தார். இருதரப்புக் கட்டுப்பாட்டு அறைகளும் மீண்டும் தாளைக் கையில் எடுத்தன.

இம்முறை இபுவே அழைத்தார். “பாக், நங்கூரம் போட்டால் அது ஓர் இடம். போடாவிட்டால்?”

எனக்குப் புரிந்தது. “இயந்திரத்தையும் நிறுத்திவிட்டால்?”

“நீரோட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே.”

இரு கலங்களும் இயந்திரத்தை நிறுத்தின. நங்கூரம் போடவில்லை. நீரோட்டத்தில் இரண்டும் ஒன்றாக மிதந்து நகர்ந்துகொண்டிருக்க, அந்த நகர்விலேயே மூவரும் ஒரு தளத்திலிருந்து மறு தளத்துக்கு மாற்றப்பட்டார்கள். முதலில் தெக்கோங், பிறகு முரளியும் நண்பரும். தொடங்கிய இடமும் முடிந்த இடமும் வேறு. எந்த நாட்டு வரைபடத்திலும் அதை ஒரு புள்ளியாகக் குறிக்க முடியாது.

மாலையில் மருத்துவமனையில் செல்வியையும் முரளியையும் பார்த்தேன். முரளி எழுந்து உட்கார முயன்றார், வேண்டாம் என்றேன்.

“அவங்க கப்பல்ல ஏறினதும் பாஸ்போர்ட் கேப்பாங்கன்னு பயந்துட்டேன், சார். தே ஓ வேணுமான்னுதான் கேட்டாங்க. கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி.”

“ஓசில குடிச்ச டீக்கு கொற வேற,” என்றார் செல்வி. பிறகு என் பக்கம் திரும்பி, “அங்கிள், அடுத்த ஞாயித்துக்கெழம இவரு தூண்டில எடுத்தாருன்னா நான் உங்களுக்குத்தான் போன் அடிப்பேன்,” என்றார். அவ்விளி அதற்குள் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

தலைநகரிலிருந்து விளக்கம் கேட்டார்கள். அது அவர்கள் கடமை. நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஒப்புதல் இல்லாமல் செய்தி சென்றது ஏன், ஒப்படைப்பு எங்கே நடந்தது என்று இரண்டு வினாக்கள். முதலாவதற்கு விரிவாகப் பதில் எழுதினேன். இரண்டாவதற்கு ‘மிதந்துகொண்டிருக்கையில்’ என்று எழுதினேன். மீண்டும் ஒருமுறை, இடத்தைக் குறிப்பிடுமாறு கேட்டார்கள். அதே சொல்லை மீண்டும் எழுதினேன். கோப்பு மூடப்பட்டது. சட்ட ஆலோசகர் கடலை விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நடைவழியில் பேசியவர்களும் உண்டு. விட்டுக்கொடுத்த இடம் எது என்று அவர்களில் ஒருவராலும் காட்ட முடியவில்லை.

அடுத்த பேச்சுவார்த்தையில் இபு எனக்கு எதிரே அமர்ந்தார். அந்தக் காலைப் பொழுதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் அதை என்மீது பயன்படுத்தவில்லை. பயன்படுத்த அதில் ஒரு பெயர்ச்சொல்கூட இல்லை என்பது அவருக்குத் தெரியும். தேநீருக்கு முன்பே ‘மேற்படி’ என்ற சொல்லுக்காக மீண்டும் சண்டையிட்டோம். அன்று நான் வென்றேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது விதியைத் தளர்த்துமாறு அல்ல. சொல்லை எடை போடுங்கள்; எல்லையைக் காத்திடுங்கள்; சுவரில் வரைபடம் இருந்தால் மூடச் சொல்லுங்கள். ஆனால் ஒரு மனிதர் நீரில் இருக்கும்போது, நீர் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. அந்தக் கேள்வி காத்திருக்கும். அத்தனை ஆண்டுகள் காத்திருந்தது அது.

ஓய்வு பெறுவதற்கு முன் அந்தச் செய்தியின் வாசகத்தை அச்சிட்டு, தகவல்தொடர்பு அறையில் ஹமீதின் மேசைக்கு மேலே ஒட்டச் செய்தேன். இன்றும் அங்கே இருப்பதாகச் சொல்கிறார்கள். ஆட்களின் தொகைக்கு ஓர் இடமும் எண்களுக்கு இரண்டு இடங்களும் காலியாக விடப்பட்டிருக்கும். உங்களில் எவருக்கேனும் அதை எடுக்க வேண்டிய வேளை வந்தால், அந்த மூன்று இடங்களை நிரப்பி அனுப்புங்கள். வேறெதையும் சேர்க்க வேண்டாம்.